மால்குடிக்கு வழி புரசைவாக்கத்தில் தொடங்குகிறது

‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடரில் வந்த வீடும் தெருவும் ரயில் நிலையமும் இன்றும் நிற்கின்றன. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஆகும்பே என்ற மலைக் கிராமத்திலும், அதே மாவட்டத்தின் அரசாளு என்ற சிற்றூரிலும் அவற்றைப் பார்க்கலாம். அந்தக் கதைகளை எழுதிய ஆர்.கே. நாராயண் பிறந்து வளர்ந்த வீடு சென்னை புரசைவாக்கத்தில் இருந்தது. பெரம்பூரிலிருந்து ஜமாலியா, ஓட்டேரி, பட்டாளம் வழியாகப் போனால் சில கிலோமீட்டர்தான். அந்த வீடு இப்போது இல்லை. திரையில் வந்த கட்டடம் பிழைத்துக்கொண்டது, கதைக்குக் காரணமான கட்டடம் போய்விட்டது. அவருடைய கற்பனை ஊரான மால்குடியைத் தேடிப் போகிறவர் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் 1986இல் தொடங்கிய தொடர் அது. இயக்கியவர் கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக், தயாரித்தவர் டி.எஸ். நரசிம்மன். சுவாமி என்ற சிறுவனாக மாஸ்டர் மஞ்சுநாத் நடித்தார். அப்பாவாக கிரீஷ் கர்னாடும், அம்மாவாக வைஷாலி காசரவள்ளியும் வந்தார்கள். தலைப்புக் காட்சியின் கோட்டோவியங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லட்சுமணனுடையவை. ஒரு தலைமுறையே முணுமுணுத்த அந்த ஆரம்ப இசைக்குச் சொந்தக்காரர் எல். வைத்தியநாதன். தமிழில் ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்த அதே வைத்தியநாதன்தான். சங்கர் நாக் எடுத்தவை 39 பகுதிகள். முதல் பதின்மூன்றும் இந்தியோடு ஆங்கிலத்திலும் எடுக்கப்பட்டன. 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே நடந்த கார் விபத்தில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35. 2006இல் கவிதா லங்கேஷ் இயக்கிய மேலும் 15 பகுதிகள் வந்தன.

அரங்கில் ரசிகர்களை உட்காரவைத்துச் சிரிக்கவைக்கும் ‘சிட்காம்’ வகையில் இதைச் சேர்க்க முடியாது. ஆனாலும் ஒரே ஊர், பழகிய முகங்கள், அன்றாட வாழ்க்கையின் சின்னச் சின்ன இக்கட்டுகள், அவற்றிலிருந்து பிறக்கும் மெல்லிய சிரிப்பு என்று அந்த வகையின் உயிரான அம்சங்கள் எல்லாம் இதில் உண்டு. பிற நாட்டு ரசிகர்கள் தங்கள் பழைய நகைச்சுவைத் தொடர்களின் வீடுகளைத் தேடிப் போவதுபோல இந்தியாவில் தேடிப் போகத்தக்க கட்டடங்கள் கொண்ட பழைய தொடர் எது என்றால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

வெளியே ஒரு வீடு, உள்ளே வேறொரு வீடு

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களின் வீட்டைத் தேடிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது வாசல் மட்டுமே. காரணம் எளிது. 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’, ரசிகர்களை எதிரே உட்காரவைத்து மூன்று கேமராக்களால் ஒரே நேரத்தில் படம் எடுக்கும் முறையை நிலைநாட்டியது. ரசிகர்கள் பார்க்க வேண்டும், கேமராக்கள் நகர வேண்டும் என்றால் நான்காவது சுவர் இருக்கக் கூடாது. ஆகவே வரவேற்பறையும் சமையலறையும் ஸ்டுடியோவில் போடப்பட்ட செட்டாகவே இருந்தன. காட்சிக்கு முன்னால் மூன்று நான்கு விநாடி ஒரு நிஜக் கட்டடத்தின் வெளித்தோற்றத்தைக் காட்டினால், எல்லாம் அதற்குள்ளேதான் நடக்கிறது என்று பார்ப்பவர் மனம் ஏற்றுக்கொள்ளும்.

‘பிரெண்ட்ஸ்’ தொடரின் நண்பர்கள் வசித்ததாகக் காட்டப்படும் அடுக்ககம் நியூயார்க் கிரீனிச் வில்லேஜில் பெட்போர்டு தெரு 90ஆம் எண். தொடர் பெரும்பாலும் எடுக்கப்பட்டதோ நாட்டின் மறுகோடியில், கலிபோர்னியாவின் பர்பேங்கில் உள்ள ஸ்டுடியோவில். பாஸ்டன் நகரத்தில் 1969இல் தொடங்கிய ‘புல் அண்டு ஃபிஞ்ச்’ மதுக்கடை, 1982 முதல் 1993 வரை ஓடிய ‘சியர்ஸ்’ தொடரின் வெளிப்புறமாக வந்தது. வருகிறவர்கள் எல்லோரும் தொடரின் பெயரையே சொல்லிக் கேட்டதால், 2002இல் கடையின் பெயரே ‘சியர்ஸ்’ என்று மாறியது. ‘பிராடி பஞ்ச்’ வீட்டின் கதை இன்னும் ஒரு படி மேல். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இருந்த அந்த வீட்டை 2018இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் 35 லட்சம் டாலருக்கு வாங்கியது. திரையில் பார்த்த மாடிப்படியையும் அறைகளையும் அந்த நிஜ வீட்டுக்குள் அச்சு அசலாகக் கட்டியது. செட்டைப் பார்த்து வீட்டை மாற்றிக் கட்டிய அதிசயம் அது.

எல்லா வீட்டுக்காரர்களும் இதை விரும்புவதில்லை. ‘மேரி டைலர் மூர் ஷோ’வில் வரும் மினியாபொலிஸ் வீட்டின் சொந்தக்காரர், திரளாக வந்த பார்வையாளர்களால் அலுத்துப்போனார். மறுபடி படம் எடுக்க வந்த குழு கேமராவைத் திருப்ப முடியாதபடி, அதிபர் நிக்சனைப் பதவிநீக்கம் செய்யக் கோரும் பதாகையை 1973இல் வீட்டு முகப்பில் தொங்கவிட்டார். இங்கிலாந்தில் ‘ஃபால்டி டவர்ஸ்’ விடுதியாகக் காட்டப்பட்ட பக்கிங்காம்ஷயர் மாளிகை தீக்கிரையாகி 1991இல் இடிக்கப்பட்டது. அந்தத் தொடருக்குத் தூண்டுதலாக இருந்த டார்க்கி நகர விடுதியும் பின்னாளில் இடிபட்டது. உலகம் முழுவதும் ரசித்த ஒரு தொடருக்கு இன்று போய்ப் பார்க்க முகப்பும் இல்லை, மூலமும் இல்லை.

தமிழ்த் தொலைக்காட்சிக்கு வந்தால், 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னை தூர்தர்ஷனின் செவ்வாய்க்கிழமை நாடகங்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள்ளேயே முடிந்துவிடும். ஒரு சோபா, ஒரு திரைச்சீலை, ஒரு வாசல்நிலை இருந்தால் வீடு தயார். மேடையிலிருந்து வந்த காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் போன்றவர்களின் நகைச்சுவை வசனத்தில் நின்றது, கட்டடத்தை அது நம்பவில்லை. 1990களில் தனியார் சேனல்கள் பெருகியபின் நாள் வாடகைக்கு விடும் ‘ஷூட்டிங் வீடுகள்’ வந்தன. இன்று ஒரு தொடரில் மாமியார் வீடாக இருப்பது நாளை இன்னொன்றில் மருத்துவமனை ஆகிவிடும். அப்படிப்பட்ட வீட்டோடு பார்ப்பவருக்கு ஒட்டுதல் உண்டாவது கடினம். ஆகும்பேயின் சிறப்பு இந்த இடத்தில்தான் புரியும். அங்கே வெளிப்புறம் ஒன்று உள்புறம் ஒன்று என்ற பிரிவினையே இல்லை. திண்ணையும் தெருவும் மனிதர்கள் நிஜமாகவே புழங்கிய இடங்கள்.

மணல் குவிந்த தோட்டம்

ஆர்.கே. நாராயண் 1906 அக்டோபர் 10 அன்று பிறந்தவர். தந்தை கிருஷ்ணசாமி ஐயர் மைசூர் சமஸ்தானத்தில் பள்ளித் தலைமையாசிரியர். மாற்றல் வந்துகொண்டே இருக்கும் உத்தியோகம். ஆகவே சிறுவன் நாராயண், புரசைவாக்கம் வெள்ளாளர் தெரு முதல் எண் வீட்டில் பாட்டியிடம் வளர்ந்தான். 1974இல் வெளியான ‘மை டேஸ்’ என்ற தன்வரலாறு அந்த வீட்டிலிருந்தே தொடங்குகிறது. தோட்டத்து மூலையில் குவித்துவைத்த மணல், அதில் பகலெல்லாம் கோட்டை கட்டும் பையன், விளையாட்டுத் துணைக்கு ஒரு மயில், பிறகு ஒரு குரங்கு. அக்கம்பக்கத்து ஜாதகப் பொருத்தம் முதல் சின்னச் சண்டைகள் வரை பாட்டியிடமே வந்து நிற்கும். சுவாமியின் பாட்டியைத் திரையில் பார்த்தவர்களுக்கு அந்த அம்மாளின் சாயல் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவன் படித்தது புரசைவாக்கத்து லூத்தரன் மிஷன் பள்ளி. ‘சுவாமி அண்டு பிரெண்ட்ஸ்’ நாவலில் வரும் ஆல்பர்ட் மிஷன் பள்ளியின் வகுப்பறைகளில், முக்கியமாக வேதபாட வகுப்பில் நடக்கும் மோதலில், இந்தப் பள்ளி நாட்களின் தடம் அழுத்தமாக இருக்கிறது. அதே வீட்டில் தாய்மாமன் டி.என். சேஷாசலம் இருந்தார். தமிழ் இலக்கிய வரலாற்றில் ‘கலாநிலயம்’ இதழை நடத்தியவர் என்று தனி இடம் பெற்றவர், கம்பனில் தோய்ந்தவர். ஆங்கிலத்தில் எழுதிய மருமகனும் கம்பனைப் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நாராயண் 1972இல் கம்பனைத் தழுவி ஆங்கிலத்தில் எழுதிய ‘ராமாயணா’வை இந்த மாமனின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். ஆக, புரசைவாக்கத்தின் அந்த ஒரு வீட்டுக்குள் இந்திய ஆங்கில இலக்கியமும் தமிழ்ச் சிற்றிதழ் மரபும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கின்றன. வடசென்னைக்கு வெளியே இதை அறிந்தவர்கள் குறைவு. வடசென்னைக்குள்ளும் அதிகம் இல்லை.

சுற்றுப்புறத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நாராயண் அங்கே சிறுவனாக இருந்தபோது, கூப்பிடு தூரத்தில் பெரம்பூர் பக்கிங்காம் – கர்நாட்டிக் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. 1918 ஏப்ரல் 27 அன்று அந்த ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலியோர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1921இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்து புளியந்தோப்பு கொந்தளித்தது. நாராயணின் புனைவில் ஆலைச் சங்கு ஒலிப்பதில்லை. அவருடைய உலகம் திண்ணை, பள்ளிக்கூடம், கடைவீதி. ஆனாலும் சுவாமி ஊர்வலத்தில் கலந்துகொண்டு பள்ளிக்கூட ஜன்னலை உடைக்கும் நாள், அமைதியான ஊருக்குள் அரசியல் நுழையும் நாள், இப்படிப்பட்ட நகரத்தில் வளர்ந்த ஒருவர் எழுதக்கூடியதே.

மால்குடி பிறந்தது 1930இல், ஒரு விஜயதசமியன்று. பெங்களூரில் இருந்த நாராயண், பாட்டி குறித்துக் கொடுத்த நல்ல நாளில் நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத உட்கார்ந்தார். மனக்கண்ணில் முதலில் வந்து நின்றது ஒரு சின்ன ரயில் நிலையம், அதன் பெயர் மால்குடி. மற்ற தெருக்களும் ஆறும் மலையும் பிறகு அதைச் சுற்றி வளர்ந்தன. ‘சுவாமி அண்டு பிரெண்ட்ஸ்’ என்ற அந்த நாவல் 1935இல் லண்டனில், எழுத்தாளர் கிரகாம் கிரீன் எடுத்துக்கொண்ட முயற்சியால் வெளிவந்தது. ‘மால்குடி டேஸ்’ என்ற பெயரில் சிறுகதைத் தொகுப்பு 1943இல், நாராயண் தாமே தொடங்கிய பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது.

மால்குடி எங்கே இருக்கிறது என்ற கேள்வி அவரை விடவே இல்லை. ஜேம்ஸ் ஃபென்னெல்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் நாவல்களில் வரும் குறிப்புகளை வைத்து ஊருக்கு வரைபடமே தயாரித்தார். நாராயணோ, அது தம் கற்பனை ஊர் என்று சொல்லிவந்தார்.

ஜெய்ப்பூர் ஆகாத மால்குடி

கதை ஒரு ஊரில் இருக்கிறது, கேமரா வேறு ஊருக்குப் போகிறது என்ற அனுபவம் நாராயணுக்குப் புதிதல்ல. ஜெமினி ஸ்டுடியோ 1947இல் வெளியிட்ட ‘மிஸ் மாலினி’ அவர் கதை. கொத்தமங்கலம் சுப்பு இயக்கி, சம்பத் என்ற பாத்திரத்திலும் நடித்தார். அந்தச் சம்பத் பிறகு நாவலாகவும், ஜெமினி அதிபர் வாசனின் இந்திப் படமாகவும், 1972இல் சோ இயக்கிய தமிழ்ப் படமாகவும் வந்தான். ஜெமினி மேம்பாலம் என்ற பேச்சுவழக்கில் மட்டும் அந்த ஸ்டுடியோவின் பெயர் மிஞ்சியிருக்கிறது, கட்டடம் இல்லை.

1965இல் வந்த ‘கைடு’ இந்திப் படம் அவரை உண்மையாகவே வருத்தியது. நாவலின் ராஜு மால்குடி ரயில் நிலையத்தில் கடை வைத்திருந்தவன். படமோ ராஜஸ்தானத்துக் கோட்டைகளிலும் ஏரி மாளிகைகளிலும் எடுக்கப்பட்டது. தம் கதைக்கு வேண்டிய இடங்களை மைசூர்ப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டியும் படக்குழு பிரம்மாண்டத்தைத் தேடிப் போய்விட்டது என்று அவர் பின்னர் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார். சின்ன ஊரின் கதையைச் சின்ன ஊரில்தான் எடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இருபது ஆண்டு கழித்து சங்கர் நாக் செய்ததும் அதுதான்.

ஆகும்பே

ஆகும்பே மேற்குத்தொடர்ச்சி மலையின் விளிம்பில், தீர்த்தஹள்ளி தாலுகாவில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் உடுப்பிப் பக்கம் கடலோரச் சமவெளி. ஆண்டு சராசரி மழை 7,000 மில்லிமீட்டருக்கு மேல். சென்னையின் மழையைப்போல் ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊரே நனைந்து கிடக்கும், காலில் அட்டை ஏறும். ராஜநாகத்துக்குப் பெயர்பெற்ற காடு இது. கிண்டி பாம்புப் பண்ணையை உருவாக்கிய ரோமுலஸ் விட்டேகர் 2005இல் இங்கே மழைக்காட்டு ஆய்வு நிலையம் தொடங்கினார். சென்னைக்கும் ஆகும்பேக்கும் உள்ள இன்னொரு உறவு அது.

நாவலின் மால்குடி இப்படிப்பட்ட ஊர் அல்ல. அங்கே சரயு நதியின் மணல்கரையில் மாலை வேளையில் மக்கள் காற்று வாங்குவார்கள், வெயில் உண்டு, புழுதி உண்டு, நகராட்சியும் நீதிமன்றமும் உண்டு. தமிழ்நாட்டுக்கும் மைசூருக்கும் நடுவே எங்கோ இருக்கும் சமவெளி ஊரின் முகம் அதற்கு. ஆனால் தொடர் வந்த பிறகு பலர் மனத்தில் மால்குடி என்றாலே சிவந்த மண், பாசி படிந்த ஓட்டுக்கூரை, மேகம் இறங்கிய மலை என்று ஆகிவிட்டது. ஒரு ஊரின் உருவத்தை எழுத்து ஒருவிதமாகவும் கட்டடங்கள் வேறுவிதமாகவும் பதித்துவிட்டன. இதைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை. நாராயணின் கதைகளுக்குத் தேவையான நிதானம் அந்தத் தெருவில் இருந்தது, படம் அதைப் பிடித்துக்கொண்டது.

சங்கர் நாக் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் தொழில் தெரிந்தவரின் கண் தெரிகிறது. முக்கியத் தெருவின் இருபுறமும் தாழ்ந்த ஓட்டுவீடுகள், வாசலை ஒட்டித் திண்ணை. வண்டி நடமாட்டம் குறைவு. 1930களின் ஊர் என்று நம்பவைக்க அதிகம் இடிக்கவோ மறைக்கவோ வேண்டியதில்லை. கலை இயக்குநர் ஜான் தேவராஜ் கடைகளுக்குப் பழைய காலப் பெயர்ப்பலகைகள் மாட்டினார். ‘லாலி ரோடு’ கதைக்காக சர் ஃபிரெடரிக் லாலி என்ற வெள்ளைக்காரரின் சிலையை ஊருக்கு நடுவே நிறுத்தினார். சுதந்திரம் வந்த வேகத்தில் நகராட்சி அந்தச் சிலையைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் கதை அது. ஊர்க்காரர்கள் பலர் தெருவில் போகிறவர்களாகவும் கடையில் நிற்கிறவர்களாகவும் படத்தில் வந்தார்கள். அவர்கள் வீட்டு முற்றங்களில்தான் படக்குழு சாப்பிட்டது, ஓய்வெடுத்தது.

தேடி வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது ‘தொட்டமனெ’யை. பெரிய வீடு என்று பொருள். சுவாமியின் வீடாகத் திரையில் வந்தது இதுதான். நூறாண்டு தாண்டிய கட்டடம், இன்றும் ஒரு குடும்பம் வாழும் வீடு. தெருவை நோக்கிய நீண்ட திண்ணை, கனத்த மரத்தூண்கள், உள்ளே நுழைந்தால் வானம் தெரியும் முற்றம், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், மரப்படி ஏறும் மாடி. செட்டிநாட்டு வீட்டையோ தஞ்சாவூர்ப் பக்கத்து அக்ரகார வீட்டையோ பார்த்தவருக்கு இதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் கூரையின் சரிவு கூடுதல், விளிம்பு சுவரைத் தாண்டி நெடுகத் தாழ்ந்திருக்கும். மழைநாட்டின் தேவை அது. அந்தத் தாழ்ந்த கூரைதான் காட்சிகளுக்கு ஒரு தணிந்த வெளிச்சத்தைக் கொடுத்தது. கிரீஷ் கர்னாடின் அப்பா சாய்வுநாற்காலியில் உட்கார்ந்து பையனைக் கூப்பிடும்போது பார்ப்பவருக்கும் வயிற்றைக் கலக்குகிறது என்றால், அதில் நடிப்புக்குப் பாதி, அந்தத் தாழ்வாரத்து நிழலுக்குப் பாதி என்று சொல்லலாம்.

இந்த வீட்டுக்காரர்கள் வருகிறவர்களைத் தங்கவைத்துச் சோறு போடுவதில் நெடுங்காலமாகப் பெயர்பெற்றவர்கள். இத்தனை ரூபாய் என்று கட்டணம் கேட்பதில்லை, விருந்தினர் மனம்போல் கொடுப்பதுதான் வழக்கம். வீட்டுச் சாப்பாடு, மலைநாட்டுக் கஷாயம், இரவானால் ஓட்டின் மேல் மழைச்சத்தம். நட்சத்திர விடுதியின் வசதியை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இது பொருந்தாது. அப்படி எதிர்பார்த்துப் போகவும் கூடாது.

அரசாளு நிலையம்

மால்குடி முதலில் ஒரு ரயில் நிலையமாகவே தோன்றியது என்பதால், தொடருக்கும் நிலையம் தேவைப்பட்டது. சிவமொக்காவிலிருந்து தாளகுப்பா போகும் பாதையில் உள்ள அரசாளுவில் அது கிடைத்தது. வெள்ளைக்காரர் காலத்துச் சின்ன ஓட்டுக் கட்டடம், சுற்றிலும் காடு, அன்றைக்கு மீட்டர் கேஜ் பாதை. பின்னாளில் பாதை அகலமாக்கப்பட்டு வேறு கட்டடம் வந்ததும், பழைய நிலையம் கேட்பாரற்றுக் கிடந்தது. கூரை சரிந்து, மரச்சட்டங்கள் உளுத்துப்போன நிலையில் ரசிகர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இடித்துத் தள்ளியிருந்தாலும் கேட்க ஆளில்லை.

தென்மேற்கு ரயில்வே அதை இடிக்காமல் செப்பனிட்டு 2020இல் மால்குடி அருங்காட்சியகமாக மாற்றியது. அந்த வேலையில் ஈடுபட்டவர் அதே ஜான் தேவராஜ். முப்பது ஆண்டுக்கு முன் திரைக்காக மால்குடியை உண்டாக்கியவரே அதை நிலைக்கவைக்கவும் வந்தார். உள்ளே தொடரின் காட்சிகள், பாத்திரங்களின் சிற்பங்கள், பழைய ரயில்வே சாமான்கள். பக்கத்தில் பழைய ரயில் பெட்டி ஒன்று தேநீர்க்கடை ஆகியிருக்கிறது. ஒரு ரயிலுக்கும் ரயில்வே ‘மால்குடி எக்ஸ்பிரஸ்’ என்றே பெயர் சூட்டியது. இல்லாத ஊருக்கு நிலையமும் வண்டியும் கிடைத்துவிட்டன. ஐ.சி.எப். தொழிற்சாலையும் லோகோ ஒர்க்ஸும் கேரேஜ் ஒர்க்ஸும் சூழ்ந்த பெரம்பூர்க்காரர்களுக்கு இந்த நிலையம் தனியாகவே பிடிக்கும். ரயிலோடு வாழ்ந்த ஊரின் கண்ணுக்கு அந்தச் சின்ன நடைமேடையும் மணியும் சொல்லும் சேதி அதிகம்.

யாதவகிரியில் எட்டு ஜன்னல்

மூன்றாவது இடம் மைசூரு. யாதவகிரியில் நாராயண் 1950களின் தொடக்கத்தில் தமக்கென்று கட்டிக்கொண்ட மாடிவீடு. எழுதும் அறை மாடியில், அரைவட்டமாகப் பிதுங்கி நிற்கும் பகுதியில் இருக்கிறது. சுற்றிலும் எட்டு ஜன்னல்கள். அவற்றின் வழியே சாமுண்டி மலையும் மரங்களும் தெரிந்ததால், எழுத்தில் மனம் நிற்கவில்லை என்று ஒரு ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த அறையில் நிற்கும்போது புரியும் ஒரு விஷயம் உண்டு. பார்ப்பதில் அவ்வளவு ஆசை உள்ளவர்தான் ஒரு கடைவீதியை ஆயுள் முழுக்க எழுத முடியும்.

2011இல் இந்த வீட்டை இடிக்கும் வேலை தொடங்கியே விட்டது. பின்பக்கம் கொஞ்சம் போனபிறகு செய்தி பரவியது. எழுத்தாளர்களும் ஊர்மக்களும் பத்திரிகைகளும் குரல் எழுப்ப, இடிப்பு நின்றது. மாநகர நிர்வாகம் வீட்டை விலைகொடுத்து வாங்கிச் செப்பனிட்டு, 2016 ஜூலையில் அருங்காட்சியகமாகத் திறந்தது. அவருடைய புத்தகங்கள், உடைகள், விருதுகள் அங்கே உள்ளன. நாராயண் 2001 மே 13 அன்று சென்னையில் காலமானார். பிறந்த ஊரும் இறந்த ஊருமான சென்னையில் இல்லாத நினைவிடம் வாழ்ந்த ஊரில் இருக்கிறது.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு வசதியான வரிசை இது: சென்ட்ரலிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து ரயிலில் சிவமொக்கா, பிறகு அரசாளு, தீர்த்தஹள்ளி வழியாக ஆகும்பே, திரும்பும் வழியில் மைசூரு. அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் போவது நல்லது. ஆகும்பேயில் எந்த வீட்டுக்குள் நுழைவதானாலும் கேட்டுவிட்டு நுழைய வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் ‘ஃபுல் ஹவுஸ்’ வீடு இருக்கும் தெருவுக்குள் சுற்றுலாப் பேருந்துகளைக் கட்டுப்படுத்த வேண்டிய நிலை வந்தது பார்க்க வருகிறவர்களின் தொல்லையை அங்கு வசிக்கிறவர்களால் தாங்க முடியாமல்தான். ஆகும்பேக்கு அப்படி ஒரு நாள் வரக் கூடாது.

வடசென்னையின் கணக்கு

பெரம்பூர் வட்டாரத்துக்குத் திரையோடு உள்ள உறவு சிறியதல்ல. 1996இல் மூடப்பட்ட பின்னி ஆலையின், அதாவது முன்பு சொன்ன பக்கிங்காம் – கர்நாட்டிக் ஆலைகளின், வெற்றுக் கொட்டகைகள் பல ஆண்டுகள் தமிழ் சினிமாவின் படப்பிடிப்புத் தளமாக இருந்தன. சண்டைக்காட்சி, பாட்டு, சிறைச்சாலை, கிட்டங்கி என்று எதற்கும் அந்தச் செங்கல் சுவர்கள் பின்னணி ஆயின. ‘பின்னி மில்லுல ஷூட்டிங்’ என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த பேச்சு. தொழிலாளர் சங்க வரலாறு நடந்த அதே சுவர்கள் அவை. இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவருகின்றன. 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் மட்டும் தூண்களோடு நிற்கிறது, அதுவும் ஒரு காலத்தில் பாழடைந்து கிடந்து 2005இல் புதுப்பிக்கப்பட்டதால்.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் பிழைத்த கட்டடங்களுக்கும் அழிந்தவற்றுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. தொட்டமனெ பிழைத்தது, அதில் ஆட்கள் தொடர்ந்து வாழ்ந்ததால். அரசாளு பிழைத்தது, ரசிகர்கள் தேடி வந்துகொண்டே இருந்ததால். யாதவகிரி வீடு பிழைத்தது, இடிக்கும்போது ஊர் கேள்வி கேட்டதால். வெள்ளாளர் தெரு வீட்டுக்கு இந்த மூன்றில் ஒன்றும் வாய்க்கவில்லை.

கட்டடம் இனித் திரும்பாது. ஆனால் அந்தத் தெருவும் நாராயண் படித்த பள்ளிக்கூடத்தின் வட்டாரமும் இன்னும் இருக்கின்றன. மால்குடியைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் முதல் நடையாக ஒரு மாலை அங்கே போய்வரலாம், ‘மை டேஸ்’ புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைக் கையோடு கொண்டு போனால் இன்னும் நல்லது. மைசூரு ஒரு வீட்டையே விலைகொடுத்து வாங்கியது. சென்னை மாநகராட்சியிடம் அவ்வளவு கேட்கத் தேவையில்லை. ஆர்.கே. நாராயணும் கலாநிலயம் சேஷாசலமும் இங்கே வாழ்ந்தார்கள் என்று தமிழில் ஒரு கல்வெட்டு, வெள்ளாளர் தெருவில் கண்ணில் படும் இடத்தில் வேண்டும். புரசைவாக்கம், ஓட்டேரி, அயனாவரம், பெரம்பூர் வாசகர்கள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் இதை எழுத்துமூலம் கேட்க வேண்டும்.